தேர் பாக்கப் போற எடத்துல என்ன சாப்பிடுறது? கோதுமை, வேர்க்கடலை, எள்ளு, உப்பு, சக்கரை எல்லாம் ஆகாத ஒரு வீட்டு அனுபவம்

நாங்க மன்னார்குடி பக்கம். எங்க வீட்ல மூணு பேருக்கு மூணு விதமா ஆகாது. எனக்கு சீலியாக்னு ஒரு குடல் வியாதி, கோதுமை பார்லி ரெண்டும் துளி கூட உள்ள போகக்கூடாது, போனா குடல் புண்ணாகி வாரக்கணக்குல படுத்தும். சின்னவனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் அலர்ஜி. அத்தைக்கு சுகர், அதோட கிட்னியும் கொஞ்சம் பழுது, அதனால உப்பையும் பொட்டாசியத்தையும் கொறைக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. இப்படி ஒரு குடும்பம் திருவிழாவுக்குப் போகாம வீட்லயே இருந்துடலாமேன்னு நெறய பேரு சொல்லிட்டாங்க, ஆனா எங்க ஊர்ல ராஜகோபால சுவாமிக்கு பங்குனி உற்சவமே 18 நாள், அதோட திருவாரூர் ஆழித்தேர், அப்பறம் ஆடிப்பெருக்கு, ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தம், ஐப்பசி கடைசி நாள் மாயவரத்துல கடைமுழுக்கு, நாகூர் கந்தூரி, தை மாசம் திருவையாறுன்னு வருசம் பூரா ஏதாவது ஒண்ணு நடக்குது, எதுக்குன்னுதான் வீட்ல உக்காந்துருக்கறது. அதனால போறோம், எல்லாரும் சாப்பிடுறோம். எப்படின்னு எழுதுறேன், இதே மாதிரி வீடு இன்னும் நெறய இருக்கும்னு நெனைக்கிறேன்.

மொதல்ல எனக்கு புத்தி வந்த கதைய சொல்லிடுறேன். சின்னவனுக்கு அப்ப 3 வயசு. ஆடி 18 அன்னைக்கு ஆத்தங்கரையில எல்லாரும் காதோலை கருகமணி வச்சு படைச்சு முடிச்சதும் பக்கத்துல இருந்த ஒரு அம்மா பாசமா அவன் கையில காப்பரிசி குடுத்தாங்க. நான் தள்ளி நின்னு "வேர்க்கடலை போட்டுருக்கீங்களா"ன்னு கேட்டேன், இல்லன்னாங்க, உண்மையாவே போடல. ஆனா ஊறவச்ச அரிசி, வெல்லம், தேங்கா, பொட்டுக்கடலையோட வறுத்த எள்ளும் அதுல இருந்துச்சு. அவனுக்கு எள்ளும் ஆகாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அஞ்சு நிமிசத்துல உதடு வீங்கி, உடம்பு பூரா தடிப்பு, அப்பறம் இருமல். ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், நல்லபடியா வந்துட்டான். அந்த அம்மா அழுதுட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது. நான் ஒரு பொருளோட பேர மட்டும் கேட்டேன், அவங்க அந்த ஒரு பொருளுக்கு மட்டும் பதில் சொன்னாங்க. அதுல இருந்து நான் "இது இருக்கா"ன்னு கேக்குறதே இல்ல, "என்னென்ன போட்டீங்க, எந்த எண்ணெய்ல செஞ்சீங்க"ன்னுதான் கேப்பேன். அவங்க வரிசையா சொல்லட்டும், நாம காதக் குடுத்து கேக்கலாம்.

இதுல வார்த்தை ரொம்ப முக்கியம், நம்ம ஊர் பேச்சுல ஒரு பொருளுக்குள்ள இன்னொரு பொருள் ஒளிஞ்சு கெடக்கும். "கடலை"ன்னு கேட்டீங்கன்னா ஒருத்தர் கடலைப்பருப்ப நெனைப்பாரு, ஒருத்தர் கொண்டக்கடலைய, இன்னொருத்தர் உடைச்ச கடலைய. வேர்க்கடலைன்னு முழுசா சொல்லுங்க, எண்ணெயும் சேத்து கேளுங்க, கடலெண்ணெய்ல பொரிச்சத "கடலை இல்லம்மா"ன்னு சொல்லிதான் குடுப்பாங்க. நல்லா சுத்திகரிச்ச ரீஃபைண்டு கடலெண்ணெய்ல அலர்ஜி பண்ற புரதம் கிட்டத்தட்ட போயிடும்னு சொல்றாங்க, ஆனா செக்குல ஆட்டுனதுல அது அப்படியே இருக்கும், இப்ப எல்லாரும் செக்கு எண்ணெய்க்கு மாறிட்டதால நான் ரெண்டையும் ஒதுக்கிடுறேன். அதே மாதிரி எள்ளு இருக்கான்னு கேட்டா இல்லம்பாங்க, ஆனா புளியோதரை மொத்தமும் நல்லெண்ணெய்ல மெதந்துக்கிட்டு இருக்கும். நல்லெண்ணெய்னா எள்ளுதான், ஆனா கரண்டி புடிச்சவங்களுக்கு அந்த நேரத்துல அது மனசுல வராது, நமக்கு வரணும். கோதுமைன்னு கேட்டா சப்பாத்திதான் ஞாபகம் வரும், ரவை கோதுமை, மைதா கோதுமை, சேமியா பெரும்பாலும் கோதுமை, அதனால கேசரி, ரவா லட்டு, சேமியா பாயசம், பூரி, பரோட்டா, சமோசா எல்லாத்துக்கும் நான் பேர் சொல்லிதான் கேப்பேன். பால் ஆகாதவங்களுக்கும் இதே பாடு, "பால் சேக்கலம்மா நெய் மட்டுந்தான்"னு சொல்லுவாங்க. பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சக்கரை மட்டும் செரிக்காதவங்களுக்கு நெய் பெரும்பாலும் ஒத்துக்கும், ஆனா பால் புரதமே அலர்ஜின்னா நெய்லயும் கொஞ்சம் தங்கியிருக்கும், ரெண்டும் வேற வேற வியாதி, ஒண்ணா போட்டு கொழப்பிக்காதீங்க.

அடுத்தது பெருங்காயம். இத எழுதத்தான் முக்கியமா உக்காந்தேன்னு கூட சொல்லலாம். எனக்கு சீலியாக்னு தெரிஞ்சு ரெண்டு வருசம் அரிசி சோறு, இட்லி, மோர்னுதான் சாப்பிட்டேன், அப்பயும் ஒவ்வொரு திருவிழா முடிஞ்சும் வயித்து வலி, வாய்ப்புண்ணு, சோர்வு. கடைசியில வீட்ல இருந்த பெருங்காய டப்பாவ திருப்பி சின்ன எழுத்த படிச்சேன், கோதுமை மாவுன்னு இருந்துச்சு. சுத்தமான காயம் ரொம்ப காட்டமா இருக்குங்கறதால பிசினும் மாவும் கலந்துதான் கட்டியாவும் தூளாவும் விக்கிறாங்க, அந்த மாவு பல பிராண்டுல கோதுமை இல்லன்னா மைதா, சிலதுல அரிசி மாவு. இப்ப யோசிச்சுப் பாருங்க, நம்ம திருவிழா சாப்பாட்டுல பெருங்காயம் இல்லாதது எது? சாம்பார், ரசம், புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சுண்டல், ராமநவமிக்கு பந்தல்ல குடுக்குற நீர்மோர் வரைக்கும் தாளிப்புல அது விழும். கோதுமை ஆகாதவங்க தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்தது பெரிய குடுப்பினைன்னு சொல்லுவாங்க, அரிசி ஊரு, எல்லாமே அரிசி. அது நெசம்தான், ஆனா பெருங்காயத்த கேக்காம அந்தக் குடுப்பினை உங்களுக்கு கெடைக்காது. பானகம்னா பயமில்ல, வெல்லம் சுக்கு ஏலக்கா எலுமிச்சம்பழம் அவ்வளவுதான். சக்கரைப் பொங்கல்லயும் காயம் கெடையாது. வெண்பொங்கல்ல சில கைப்பக்குவத்துல போடுவாங்க, சிலர் போட மாட்டாங்க, கேட்டுக்கணும்.

யாரக் கேக்குறதுங்கறது அடுத்த விசயம். பரிமாறுற பசங்கள கேட்டு பிரயோஜனம் இல்ல, பாவம் அவங்க வாளிய தூக்கிட்டு ஓடுறவங்க, உங்கள சாப்பிட வைக்கணும்னு ஆசையில "ஒண்ணும் ஆகாதுக்கா சாப்பிடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. சமைச்ச கைய கேக்கணும். அன்னதானம்னா சமையல் மாஸ்டர், கோயில்னா மடப்பள்ளி ஆளுங்க. நேரமும் பாத்து போகணும், பந்தி ஆரம்பிச்ச அப்பறம் போனா மாஸ்டருக்கு மூச்சு விட நேரமிருக்காது, நம்ம கேள்விக்கு வாய்க்கு வந்தத சொல்லிட்டு அடுத்த அண்டாவுக்கு போயிடுவாரு. மொத நாள் ராத்திரி காய் நறுக்கிட்டு உக்காந்துருப்பாங்க பாருங்க, அதுதான் சரியான நேரம், இல்லன்னா விடியக்காலம் அடுப்பு மூட்டும்போது. கையில ஏதாவது ஒரு வேலைய வாங்கிக்கிட்டு, ரெண்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டே "அண்ணே, பையனுக்கு வேர்க்கடலை எள்ளு பட்டா மூச்சு நின்னுடும், எனக்கு கோதுமை ஆகாது, நாளைக்கு என்னென்ன போடுறீங்க, எந்த காயம், எந்த எண்ணெய்"னு கேட்டா உக்காந்து சொல்லுவாங்க, டப்பாவையே எடுத்து காமிப்பாங்க. "அலர்ஜி"ன்னு மட்டும் சொன்னா சொறி செரங்குன்னு நெனைச்சுக்குறாங்க, அதனால என்ன ஆகும்னு சொல்லுங்க.

கோயில்ல ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். மடப்பள்ளியில சாமிக்கு நைவேத்தியம் பண்றது வேற, வாசல் பக்கம் பிரசாத ஸ்டால்ல விக்கிறது வேற. ஸ்டால பெரும்பாலும் ஏலத்துல எடுத்து நடத்துவாங்க, அங்க இருக்குற முறுக்கு, அதிரசம், லட்டு, புளியோதரை எங்கயோ வெளிய செஞ்சு வந்ததா இருக்கலாம், விக்கிறவருக்கே உள்ள என்னன்னு தெரியாது. மடப்பள்ளி அப்படி இல்ல, தலமுறையா ஒரே அளவு ஒரே பண்டம், கேட்டா மனப்பாடமா சொல்லுவாங்க. திருக்கண்ணபுரத்துல முனியதரையன் பொங்கல்னா அரிசி, பாசிப்பருப்பு, நெய்னு ஊருக்கே தெரியும். வெங்காயம் பூண்டு சேக்காதவங்க, சஷ்டி விரதம் இருக்கறவங்க மடப்பள்ளி பிரசாதத்த நம்பி வாங்கலாம், ஆனா வீதியில நடக்குற அன்னதான சாம்பார்ல வெங்காயம் இருக்கும்னு வச்சுக்கங்க. 2002ல இருந்து அறநிலையத்துறை கோயில்கள்ல மதிய அன்னதானத் திட்டம் நடக்குது இல்லையா, அங்கல்லாம் தெனமும் அதே ஆளுங்க சமைக்கிறதால திருவிழா இல்லாத ஒரு நாள் போயி சாவகாசமா விசாரிச்சு வச்சுக்கலாம், அது பெரிய சவுகரியம்.

எல்லா எடத்துலயும் எனக்கு கைகுடுக்குற ஒரே தந்திரம் வெள்ளைச் சோறு. நம்ம பக்கம் எந்த அன்னதானமா இருந்தாலும் அண்டா அண்டாவா சோறு வடிச்சு கொட்டி வச்சுருப்பாங்க. பந்திக்கு எடுக்குறதுக்கு முன்னாடி, வேற கரண்டி படாத சோறு ஒரு சில்வர் டப்பா நெறய வாங்கி வச்சுக்கங்க. யாரும் இல்லன்னு சொன்னதில்ல. கூட நாங்களே அரைச்சு எடுத்துட்டு போற பருப்புப்பொடி, வீட்டு நெய் கொஞ்சம், வாழைப்பழம், முடிஞ்சுது. எனக்கும் பையனுக்கும் அதுவே விருந்து. கலந்த சாதமா மட்டும் போடுற எடத்துல, கலக்குறதுக்கு முன்னாடி கேட்டா எடுத்து தருவாங்க, அதுக்குத்தான் சீக்கிரம் போங்கன்னு சொல்றது.

பந்தியில உக்காந்து சாப்பிட முடிஞ்சா மொத பந்தியில உக்காருங்க. கரண்டி எல்லாம் அப்பதான் தனித்தனியா சுத்தமா இருக்கும், மூணாவது பந்திக்குள்ள பாயச கரண்டி சாம்பார்லயும் சாம்பார் கரண்டி சோத்துலயும் போயிருக்கும். வரிசையோட மொத எலைக்கு உக்காந்தா இன்னும் நல்லது. வாழை இலை ஒரு வரம், புது இலை, கழுவாத தட்டு பயம் இல்ல, தொன்னையும் அப்படித்தான். வேணாங்கறது இலையில விழுந்துடுச்சுன்னா அத மட்டும் ஒதுக்கிட்டு மிச்சத்த சாப்பிடாதீங்க, எங்க வீட்ல இலையவே மாத்திடுவோம், கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தா புள்ள உயிரோட வெளையாடுற மாதிரி ஆயிடும்.

கடைத்தெருவுக்கு வந்தா வேற கணக்கு. இட்லிதான் இருக்கறதுலயே நம்பகம், அரிசி உளுந்து, ஆவியில வெந்தது. ஆனா இட்லி மட்டும் வாங்கணும், சட்னியில வேர்க்கடலை சேக்குறது இப்ப சர்வ சாதாரணம், பொடியில எள்ளு, பொடிக்கு ஊத்துறது நல்லெண்ணெய், சாம்பார்ல பெருங்காயம். நம்ம பொடிய எடுத்துக்கிட்டு போயி இட்லிய மட்டும் வாங்குங்க. தோசை எனக்கு ஆகாது, அதே கல்லுல ரவா தோசையும் கோதுமை தோசையும் ஊத்திருப்பாங்க. இடியாப்பம்னா அரிசி மாவுதானான்னு கேட்டுட்டு தேங்காப்பாலோட வாங்கலாம். எண்ணெய்ச் சட்டி இருக்கற கடைக்கே நாங்க போறதில்ல, பஜ்ஜி மாவு கடலமாவா இருந்தாலும் அதே எண்ணெய்ல சமோசாவும் மைதா போண்டாவும் வெந்துருக்கும், எண்ணெய் என்ன எண்ணெய்ங்கறது இன்னொரு கேள்வி. காலிஃப்ளவர் சில்லி, ஃப்ரைடு ரைஸ் கடையில மைதாவும், கோதுமை சேத்த சோயா சாஸும் இருக்கும். பெரிய அப்பளம் விக்கிறவருக்கு அது எந்த மாவுன்னு தெரியாது, கேட்டா எதையாவது சொல்லுவாரு, விட்டுடுங்க.

இனிப்புல நம்ம ஆளுங்களே தடுமாறுற எடம் ஒண்ணு, ஜாங்கிரி உளுந்து மாவு, ஜிலேபி மைதா, பாக்க ஒண்ணு போல இருக்கும். திருவையாறு போனா அசோகா சாப்பிடாம வரக்கூடாதும்பாங்க, பாசிப்பருப்புலதான் செய்யுறது ஆனா கோதுமை மாவும் சேரும், அதனால எனக்கு கெடையாது, சின்னவனுக்கு நெய்ல கிண்டுனதான்னு கேட்டுட்டு வாங்கிக் குடுப்பேன். சந்திரகலா மேல மாவு மைதா. பொரிக் கடையில பொரி அரிசிதான், ஆனா அதே ஆழாக்குல வேர்க்கடலையும் அளப்பாங்க, பக்கத்துலயே மணல்ல வறுத்துக்கிட்டு இருப்பாங்க, பையன அந்தக் கடை ஓரமா கூட கூட்டிட்டு போக மாட்டேன். பஞ்சுமிட்டாய் கேட்டு அழுவான், ரோடமின் சாயம் கலந்துருக்குன்னு 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தடை போட்டாங்களே அந்த ரோஸ் கலர் வேணாம், சாயம் போடாத வெள்ளையா இருந்தா வெறும் சக்கரைதான், அது குடுக்கலாம். மத்தபடி நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பனங்கெழங்கு, கண்ணு முன்னாடி வெட்டுற எளநீ இதெல்லாம் சாமி குடுத்தது, அந்தந்த காலத்துல எது கெடைக்குதோ அத வாங்குங்க.

பாக்கெட் பண்டம்னா பின்னாடி படிங்க. 2020 லேபிள் விதியில கோதுமை வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டைங்க, பால், முட்டை, மீன், இறால் நண்டு, சோயா இதெல்லாம் அலர்ஜி பொருளா தனியா எழுதணும்னு இருக்கு. எள்ளு அந்த வரிசையில இல்ல! அதனால எள்ளு ஆகாதவங்க பொருள் பட்டியல மொத வரியில இருந்து கடைசி வரைக்கும் படிக்கணும். பச்சைப் புள்ளி இருந்தா சைவம்னு மட்டும்தான் அர்த்தம், பாலும் நெய்யும் சைவத்துலதான் சேரும். 

அத்தை விசயத்துக்கு வரேன். அவங்களுக்கு எளநீ கூடாது, இது நெறய பேருக்கு தெரியல, வெயில்ல வந்தவங்களுக்கு எளநீய வெட்டிக் குடுக்குறது நம்ம பண்பு, ஆனா கிட்னி பழுதானவங்களுக்கு அதுல இருக்கற பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கும். வாழைப்பழம், ஆரஞ்சும் அப்படித்தான், எவ்வளவுன்னு அவங்கவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். "இந்துப்புதான் போட்டோம் ஒண்ணும் பண்ணாது"ம்பாங்க, அதுவும் உப்புதான். கடையில லோ சோடியம்னு விக்கிற உப்பு இன்னும் மோசம், அதுல பொட்டாசியம் சேத்துருப்பாங்க. சுகர்காரங்களுக்கு "வெல்லம்தான், நாட்டுச்சக்கரைதான்"னு நீட்டுவாங்க, சுகர ஏத்துறதுல எல்லாம் ஒரே ஜாதி. எங்க அத்தைக்கு ரொம்ப புடிச்ச கோயில் கும்பகோணம் பக்கத்துல திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன், அங்க சாமிக்கு உப்பு சேக்காமத்தான் நைவேத்தியம். உப்பில்லாத தயிர் சாதம் ஒரு தொன்னை வாங்கி அவங்க சாப்பிடுறத பாக்கும்போது எனக்கே மனசு நெறஞ்சுடும், ஏன்னா மத்த எல்லா எடத்துலயும் அவங்க வேடிக்கைதான் பாப்பாங்க. இன்னொண்ணு, பந்தி 12 மணிம்பாங்க, ரெண்டாயிடும். சுகர் மாத்திரை போட்டவங்க, ஊசி போட்டவங்க அதுவரைக்கும் வெறும் வயித்துல இருந்தா சுகர் எறங்கி மயக்கம் வந்துடும். மாத்திரைய வீட்லயே முழுங்கிட்டு வராதீங்க, டாக்டர் சாப்பாட்டோட போடச் சொன்னதுன்னா இலை போட்ட அப்பறம் போடுங்க, மடியில எப்பவும் கொஞ்சம் சக்கரையோ கல்கண்டோ இருக்கட்டும்.

நாகூர், வேளாங்கண்ணி பக்கம் போறவங்களுக்கு கொஞ்சம். நோன்பு மாசத்துல பள்ளிவாசல்ல குடுக்குற கஞ்சி எனக்கு தெரிஞ்சு எங்க வீட்டுக்கு ஒத்துக்குற நல்ல சாப்பாடு, நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காப்பால், சில எடத்துல கறி சேப்பாங்க, சைவக்காரங்க கேட்டுக்கங்க. காச்சுற பாய்கிட்ட கேட்டா பொறுமையா சொல்லுவாரு. கூட தொட்டுக்க குடுக்குற சமோசாவும் வடையும் மட்டும் வேணாம். கந்தூரி சமயத்துல நாகூர் வாடா எல்லா பக்கமும் போடுவாங்க, அரிசி மாவுதான், ஆனா இறால் வச்சது, என் தங்கச்சிக்கு இறால் ஆகாது, அந்த எண்ணெய்ல பொரிச்ச வேற எதையும் கூட அவ தொடுறதில்ல. தம்ரூட்ங்கற இனிப்பு ரவையில செஞ்சது. வேளாங்கண்ணியில மீன் வறுவல் கடைங்க வரிசையா இருக்கும், மசாலாவுல மாவு கலந்துருக்கான்னு கேளுங்க, எண்ணெய்ச் சட்டியில போடாம கல்லுல தனியா போட்டு தரச் சொல்லுங்க, கூட்டம் இல்லாத காலை நேரத்துல கேட்டா கல்ல நல்லா தேச்சு கழுவி போட்டு குடுப்பாங்க. செப்டம்பர் 8 நெருங்கிட்டா அந்த நேரமெல்லாம் கெடைக்காது, நடந்து போறவங்க வழியில பந்தல் சாப்பாட்ட நம்பாம கையிலயே வச்சுக்கங்க.

கையிலன்னா கட்டுச்சோறுதான். பதினெட்டாம் பெருக்குக்கு கலந்த சாதம் கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு போற ஊரு நம்மளது, டப்பாவ தொறந்து உக்காந்தா யாரும் வித்தியாசமா பாக்க மாட்டாங்க. நான் புளிச்சாதத்த சூரியகாந்தி எண்ணெய்ல, வேர்க்கடலைக்கு பதிலா கடலைப்பருப்பு தாளிச்சு, எள்ளுப்பொடி இல்லாம, காயம் இல்லாம கிண்டுவேன், வெந்தயம் வறுத்து பொடிச்சு தூவுனா காயம் இல்லாத கொறை தெரியாது. தயிர் சாதத்துல பாலு நெறய விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் சேத்தா மதியம் வரைக்கும் புளிக்காது, அத்தைக்கு உப்பில்லாம தனி டப்பா. தேங்கா சாதம் மட்டும் சித்திரை வெயில்ல வேணாம், பத்து மணிக்கே ஊசிப்போயிடும். எந்த சோறா இருந்தாலும் மதியத்துக்குள்ள முடிச்சுடணும், சாயங்காலத்துக்குன்னு மிச்சம் வைக்காதீங்க. சாயங்காலத்துக்கு அவல். ஒரு டப்பா கெட்டி அவல், ஃப்ளாஸ்க்ல வெந்நீர், ஊறுனதும் பையனுக்கு வெல்லமும் எனக்கு மோரும், எந்த ஊர்லயும் சமாளிச்சுடலாம். ஸ்பூனும் டம்ளரும் நம்மளோடது.

வேணாம்னு சொல்றதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம். சாமி பிரசாதத்த மறுக்கக்கூடாதுன்னு வளந்தவங்க நாம, குடுக்குறவங்க முகம் வாடுனா நமக்கு தாங்காது. நான் ரெண்டு கையாலயும் வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல இருக்கறவங்களுக்கு குடுத்துடுவேன். எனக்கு விபூதியும் தீர்த்தமும் போதும், சாமிக்கு தெரியும். ஆனா சின்னவன் கையில வாங்கவே விடுறதில்ல, விரல்ல ஒட்டுனா வாய்க்கு போயிடும். அவனுக்கு எட்டு வயசாகுது, "எனக்கு ஆகாது பாட்டி, அம்மாகிட்ட குடுங்க"ன்னு கைய பின்னாடி கட்டிக்கிட்டு சொல்ல பழக்கிட்டேன். கழுத்துல ஒரு அட்டை, அதுல என்ன ஆகாது, எங்க நம்பர் என்னன்னு தமிழ்ல பெருசா எழுதிருக்கும், காணாம போனாலும் உதவும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் கவனிக்க முடியலன்னா யாருக்கு நிமிசத்துல ஆபத்தோ அவங்கள மொதல்ல பாருங்க. எங்க வீட்ல சின்னவன், அப்பறம் அத்தை, அப்பறம் நான். எனக்கு பசிச்சா கெடப்பேன். எல்லாருக்கும் ஒத்துக்குற ஒரே பண்டத்த தேடி அலையாதீங்க, அப்படி ஒண்ணு பெரும்பாலும் இருக்காது, ஆளுக்கு ஒரு எடத்துல வாங்கிட்டு ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா போதும்.

எல்லாம் பாத்தும் தப்பு நடக்கும், அதையும் எழுதிடுறேன். உதடு நாக்கு வீங்குறது, உடம்பு பூரா தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், கொரல் கம்முறது, மூச்சு இழுக்குறது, தலை சுத்துறது, இதுல மூச்சுலயோ நெனவுலயோ மாத்தம் தெரிஞ்சா ஒரு நிமிசம் கூட காக்காதீங்க, 108க்கு அடிங்க. அலர்ஜி மாத்திரை அரிப்ப கொறைக்கும், மூச்ச காப்பாத்தாது, அதுக்கு அட்ரினலின் ஊசிதான், டாக்டர் உங்களுக்கு எழுதிக்குடுத்து போடக் கத்துக்குடுத்துருந்தா தொடையோட வெளிப்பக்கம் உடனே போடுங்க. ஆள படுக்க வச்சு கால தூக்கி வைங்க, மூச்சு திணறுனா சாஞ்சு உக்கார வைக்கலாம், எழுப்பி நடக்க வைக்காதீங்க. கொறஞ்ச மாதிரி இருந்தாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், ஆஸ்பத்திரியில இருந்துட்டுதான் வரணும். திருவாரூர் தேர் 96 அடி, அது வீதியில நகரும்போது அந்த வீதியில வண்டி எதுவும் வராது. அதனால நாங்க தேர் வீதிக்குள்ள நடுவுல போய் மாட்டிக்கிறதில்ல, சந்து முனையில நின்னுதான் பாப்போம், மருத்துவ முகாம் எங்க போட்டுருக்காங்கன்னு போனதும் பாத்துடுவோம், சாப்பிடுறதும் அந்தப் பக்கம்தான். எதையும் புதுசா சாப்பிட்டுப் பாக்குற நாள் அது இல்ல, புதுசுன்னா ஒரு சாதாரண நாள்ல ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கும்போது பாத்துக்கலாம்.

சாப்பிட்டு முடிச்சதும் மாஸ்டர தேடிப் போயி நல்லா இருந்துச்சுண்ணேன்னு சொல்லிட்டு நம்பர் வாங்கிட்டு வாங்க. அடுத்த வருசம் ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணி ஞாபகப்படுத்தலாம், அரிசி மாவு கலந்த பெருங்காய டப்பா ஒண்ண நாமளே வாங்கிக் குடுத்துடலாம், நூறு எரநூறு ரூபாதான், எங்க தெரு அன்னதானத்துக்கு நான் குடுக்குறேன். போன பங்குனியில மொத பந்திக்கு உக்காந்தப்ப மாஸ்டரே வாளியோட வந்தாரு, "இது உன் காயத்துல தாளிச்சதும்மா, தனி கரண்டி"ன்னு ஊத்துனாரு. பந்தியில உக்காந்து சாம்பார் ஊத்தி சாப்பிட்டு எனக்கு ஏழு வருசம் ஆயிருந்துச்சு. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்குனேன்.